ஆடிக்குப் பிறந்த வீடு போன கற்கள்

ஆடி ஒன்றாம் தேதி காலையில் கல்லாங்காட்டுப்புதூரின் கற்கள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பின. முதலில் கிளம்பியவர்கள் ஊர்க்கோடி வேலமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கன்னிமார் ஏழு பேர். எந்தக் காலத்திலோ ஏழு திசையிலிருந்து பிழைக்க வந்த ஏழு குடும்பங்கள், வரும்போது மடியில் கட்டிக் கொண்டுவந்து நட்ட ஏழு கற்கள் அவை. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று துருவேறிய சிவப்பு, ஒன்று தொட்டால் மணல் மணலாக உதிர்வது, இப்படி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அவர்கள் பூசிய மஞ்சளோடும் போட்ட வளையலோடும் மண்ணை விட்டெழுந்து, ஆமை நடக்கிற வேகத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் போவதை ஆடு ஓட்டிப்போன வேலாத்தாள் பார்த்தாள். அவள் கூச்சல் எதுவும் போடவில்லை. ஆடுகளை மடக்கி விட்டுவிட்டு டீக்கடைக்கு வந்து, "கன்னிமாரெல்லாம் எங்கியோ கெளம்பிட்டாங்க" என்றாள்.

"ஆடி பொறந்திருச்சல்ல, பொறந்த வூட்டுக்குப் போவாங்க" என்று டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார். விஷயம் அத்தோடு முடிந்தது.

கன்னிமாரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மத்தியானத்துக்குள் ஊரிலிருந்த கல்லுக்கெல்லாம் பிறந்த இடத்தின் நினைப்பு வந்துவிட்டது. சமையல் மேடைக் கடப்பாக்கற்கள் வடக்குச் சுவரை முட்டிக்கொண்டு நின்றன. அம்மியும் ஆட்டுக்கல்லும் பக்கத்துக் கரட்டுக் குன்றில் வெட்டியவை என்பதால் கரட்டைப் பார்த்து நகர்ந்தன; பெண்கள் அவற்றை மாட்டுக்கயிற்றால் தூணோடு கட்டிப்போட்டு, கட்டுத்தறியிலேயே சட்னி அரைத்தார்கள். சிவப்புக்கல் தோடு போட்டிருந்தவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தார்கள். தார் ரோட்டுக்கு அடியில் ஜல்லி நெளிந்ததில் மினி பஸ் குலுங்கிக் குலுங்கி வந்தது, அது எப்போதும் அப்படித்தான் வரும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. செங்கல்லும் சிமெண்டும் மட்டும் அசையவே இல்லை. சூளையில் வெந்ததில் அவற்றுக்குப் பிறந்த இடம் மறந்துபோயிருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம், இல்லாவிட்டால் யார் வீட்டுக்குள் நிம்மதியாகச் சோறு தின்பது. முன்னாள் பிரசிடெண்ட் நாச்சிமுத்து வீட்டில்தான் கதை கொஞ்சம் முற்றிவிட்டது. வாசலிலிருந்து புழக்கடை வரைக்கும் அவர் பெருமையாகப் போட்டிருந்த மார்பிள், பலகை பலகையாகப் பெயர்ந்து, வரிசையில் நின்று, கேட்டைத் தாண்டி வடமேற்கே கிளம்பியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தார். மார்பிள் மூட்டையையும் சுமந்துகொண்டு போனது.

எங்கள் ஊருக்குப் பிரச்சனை கல் நடந்தது அல்ல. ஆடிக்குப் பெண் தானாகப் பிறந்த வீடு போகக் கூடாது, அண்ணனோ தம்பியோ வந்து அழைத்துப் போக வேண்டும், இதுதான் முறை. கன்னிமாரை இப்படி அநாதையாக அனுப்பலாமா என்பதுதான் பிரச்சனை. ஊர்க்கூட்டம் போட்டு, கன்னிக்கு ஒரு ஆளாக ஏழு பேரை அண்ணன்மாராக நியமித்தோம். அவர்கள் குடையும் மஞ்சள் பையும் சார்ஜரும் எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் நடந்து, தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு டீக்கடைக்குப் போன் பண்ணினார்கள். துருக்கன்னி சேலம் கஞ்சமலைப் பக்கம் திரும்பிவிட்டாள். மணற்கன்னி கிழக்கே அரியலூரைப் பார்த்துப் போகிறாள், வழியெல்லாம் அவள் மேலிருந்து சிப்பி சிப்பியாக உதிர்கிறது. உருண்டைக்கன்னி அமராவதி ஆற்றுக்குள் இறங்கி, தண்ணீரை எதிர்த்து ஆனைமலைக்கு ஏறுகிறாள், அண்ணன்காரன் இடுப்பளவு தண்ணீரில் பின்னாலேயே போகிறான். ஏழாவது கன்னி எந்தத் திசைக்கும் போகவில்லை. பச்சைப் புள்ளி விழுந்த கறுப்புக் கல்லான அவள், இருந்த இடத்திலேயே குழி பறித்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கினாள். அவளுக்கு அண்ணனாக வாய்த்த கருப்புச்சாமி, குழியோரம் குத்தவைத்து மஞ்சள் தண்ணீரைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தான்.

இத்தனை கல் கிளம்பிய ஊரில் ஒரே ஒரு கல் கிளம்புவதற்காக ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாவு மில் நடத்தும் கன்னியாத்தாள்தான் அவள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடிக் காலையில், கிணறு வெட்டுகிற மாரப்பன் வேலைக்குப் போகிற வழியில், கன்னிமார் காலடியில் துணியில் சுற்றிக் கிடந்த பச்சைக் குழந்தையாக அவளைக் கண்டெடுத்தார். துணியின் முனையில் கையகல ஒரு கல் இருந்தது. சிவன்மலைக்கு நடந்துபோன யாரோ வெளியூர்க்காரி விட்டுப் போயிருக்கிறாள் என்று ஊர் சொன்னது. அதை உரக்கவும் அடிக்கடியும் சொன்னவர் நாச்சிமுத்து. பிள்ளையில்லாத மாரப்பன் குழந்தையையும் எடுத்துக்கொண்டார், கல்லையும் எடுத்துக்கொண்டார். வெட்ட வேண்டிய கிணறெல்லாம் வெட்டி முடித்த பிறகு அவளுக்காக அந்த மில்லையும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பெற்றவள் தனக்கென்று விட்டுப் போனது அந்தக் கல் ஒன்றுதான் என்று கன்னியாத்தாள் அதை மில்லுக்குள் மாடத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் பூசுவாள். வெள்ளிக்கிழமைதான் நாச்சிமுத்துவின் தங்கை பாவாத்தாளும் ராகி டின்னைத் தூக்கிக்கொண்டு வருவாள். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள் அவள், ஐம்பத்து மூன்று வயது, அதிகம் பேசமாட்டாள். மாவு விழுகிற வாயில் கையை ஏந்திச் சூடு பார்த்தபடி, கல்லுக்கு மஞ்சள் பூசி முடியும்வரை உட்கார்ந்திருப்பாள். அண்ணன், அண்ணி, தான் என்று மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு வாரம் நாலு படி ராகி எதற்கு என்று கன்னியாத்தாளுக்கே சந்தேகம் உண்டு. அந்த வீட்டில் எருமைக்கும் களிதான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

இப்போது உலகத்துக் கல்லெல்லாம் பிறந்த வீட்டுக்கு வழி தெரிந்து போகிறபோது, தன் கல்லும் போகும், பின்னாலேயே போனால் தன்னைப் பெற்ற ஊர் வரும் என்று கன்னியாத்தாள் நம்பினாள். புதுச்சேலை எடுத்து, பையில் இரண்டு வாரத்துக்குத் துணி வைத்து, மில்லின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கல்லை வாசல் மண்ணில் இறக்கி வைத்தாள். கல் அப்படியே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் இருந்தது. அழைத்துப் போக அண்ணன் வராததால் கோபித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள் சிலர். தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்து முறையாக வழியனுப்பிப் பார்த்தோம். அசையவில்லை. கன்னியாத்தாள் அதற்கு முன்னால் உட்கார்ந்து எல்லாரும் பார்க்க அழுதாள்.

அந்த மூன்றாம் நாள்தான் நிலவியல் துறையிலிருந்து ஹசீனா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். தோளில் பை, பைக்குள் சின்னச் சுத்தியல், பூதக்கண்ணாடி, திராவகப் புட்டி. தங்க இடம் கேட்டவர் மில்லின் முன்னறையில் தங்கிக்கொண்டார். கல் நடப்பது ஏன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, எங்கே போகிறது என்றுதான் கேட்டார். பரீட்சைத் தாளில் விடை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டதுபோல் முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் குனிந்து நடந்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டு அது நுரைக்கிறதா என்று பார்த்து, திசையை நோட்டில் குறித்துக்கொண்டார். ஊரில் எந்தக் கிணற்றில் எந்தப் பாறை என்பதுவரை இறங்கிப் பார்த்துவிட்டார்.

ஏழாவது கன்னியின் குழிக்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டு அவர் எழுந்தபோது, கருப்புச்சாமி, "எந்தங்கச்சிக்குப் பொறந்த வூடு பாதாளமுங்களா மேடம்?" என்று கேட்டான்.

"ஆமா. நாம நிக்கிற இந்த மேல்தோலுக்கும் கீழ இருந்து, எரிமலைக் குழம்புல மாட்டிக்கிட்டு மேல வந்த கல்லு அது" என்றவர், சுற்றி நின்ற எங்களைப் பார்த்துவிட்டு ஒரு திண்டில் உட்கார்ந்தார். "உங்க ஊர்ல வெல்லம் காய்ச்சுவீங்கல்ல? கொப்பரையில கரும்புப்பால் கொதிக்கிறப்போ என்ன ஆகும்?"

"அழுக்கு மேல வருமுங்க. மொண்டு ஊத்தோணும்."

"பூமி பிறந்தப்போ மொத்தமும் அப்படித்தான் கொதிச்சுது. கனமான இரும்பெல்லாம் நடுவுக்கு இறங்கிடுச்சு. லேசானது மேல மிதந்துச்சு, ஆறுச்சு, ஏடு கட்டுச்சு. அந்த ஏடுதான் நம்ம பாறை."

"அப்ப நாம அழுக்கு மேலதான் குடியிருக்கறமுங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். மேடம் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். அதன் பிறகு பல நாள் எங்கள் ஊரில் யார் யாரைத் திட்டினாலும் அதைச் சொல்லியே திட்டினோம்.

அந்தத் திண்டில்தான் நாங்கள் கல்லின் மூன்று சாதியைக் கேட்டோம். கொதித்த குழம்பு ஆறி இறுகியது ஒன்று. அதில் மெதுவாக ஆறியதற்கு, கருங்கல்லில் வெள்ளையாக வெங்கச்சாங்கல்லும் மினுமினுப்பாகக் காக்காப்பொன்னும் தெரிவதுபோல், பரல் பெரிதாக இருக்கும். மழையும் ஆறும் அரைத்துக் கடலுக்கடியில் ஏடு ஏடாகப் படியவைத்தது இன்னொன்று, சிப்பி உதிர்த்துக்கொண்டு போன மணற்கன்னி அந்தச் சாதி. மூன்றாவது, ஏற்கெனவே ஒரு கல்லாகப் பிறந்து, மண்ணுக்கடியில் அமுங்கி, வெந்து, உருகாமலே உருமாறி வேறு கல்லானது. நாச்சிமுத்துவின் மார்பிள் முன்னால் வெறும் சுண்ணாம்புக்கல்தான் என்று கேட்டபோது எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கன்னியாத்தாள் கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டாள். "உருமாறுன கல்லு எதை மேடம் பொறந்த வூடுன்னு நெனைக்கும்? மொதல்ல படிஞ்ச எடத்தையா, வெந்த எடத்தையா?"

மேடம் நோட்டை மூடினார். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் ராத்தூக்கம் இல்லாம அலையுறேன். மார்பிள் கடலைத் தேடிப் போகலை, வெந்த மலையைத் தேடித்தான் போகுது. உங்க கல்லு எந்தச் சாதின்னு தெரியலையே."

"பாத்துச் சொல்லுங்களேன்."

மேடம் அவள் கல்லைக் கையிலெடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். முப்பத்தாறு வருஷத்து எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் விரல் தடிமனுக்கு ஏறி இறுகியிருந்தன, எங்கேயும் கல் என்று ஒரு புள்ளி தெரியவில்லை. "இதுக்கே தான் யாருன்னு தெரியாம இருக்கு. மண்ணுல வெச்சாலும் இதுமேல மண் படலை" என்றார். "நாங்க எந்தக் கல்லோட தோலையும் நம்ப மாட்டோம். உடைச்சு உள்முகத்தைத்தான் பாப்போம். ஆனா இதை என்னால உடைக்க முடியாது அம்மா."

கன்னியாத்தாள் கல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உடைத்தால் பெற்றவள் கொடுத்தது போய்விடும், உடைக்காவிட்டால் பெற்றவளே யாரென்று தெரியாமல் போய்விடும். ஆடி முடிந்தால் கற்கள் நின்றுவிடும் என்று எல்லாருக்கும் தோன்றியிருந்தது. பதினெட்டாம் பெருக்கு அன்று காலை அவள் தலை குளித்துவிட்டு, மாரப்பனின் சம்மட்டியை எடுத்து வந்து, வாசலில் கல்லை வைத்து, "மன்னிச்சுக்க சாமி" என்று சொல்லி ஒரே அடி அடித்தாள்.

கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் வரி வரியாக ஓடி, காக்காப்பொன் மின்ன, வரிகளுக்கிடையில் கடுகளவு சிவப்புப் பரல்கள் தெரிந்தன. ஹசீனா மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர், கண்ணை எடுக்காமலே இருந்தார். அவர் சொல்வதற்கு முன்னால், மாரப்பனோடு கிணறு வெட்டிய கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது நம்மூருக் கல்லல்ல?" என்றார்.

அதைக் கேட்டதும் வாசலில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். வெளியூர்க்காரி ஒருத்தி முப்பத்தாறு வருஷமாக நடந்து போய்க்கொண்டிருந்த சிவன்மலைப் பாதை அந்த நிமிஷத்தோடு மூடிப்போயிற்று.

பிளந்த முகம் மண்ணில் பட்டதும் இரண்டு துண்டும் அசைந்தன. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக எங்கள் தெருவில் வடக்கே நகரத் தொடங்கின.

அந்தத் தெருவில் மில்லைத் தாண்டிப் பதினோரு வீடுகள். உட்கார்ந்தே பழகிய கல் என்பதால் அது ஆமையைவிட மெதுவாகத்தான் போனது, அதன் பின்னால் புதுச்சேலையில் கன்னியாத்தாள், அவள் பின்னால் ஹசீனா மேடம், பின்னால் ஊர். முதல் வீட்டு வாசலுக்குக் கல் வந்தபோது அந்த வீட்டுப் பெண் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், கல் தாண்டிய பிறகுதான் அவன் எச்சில் விழுங்கினான். இரண்டாவது வீட்டுக்காரர் தற்செயலாக வைப்பதுபோல் காலைக் குறுக்கே வைத்தார், கல் சுற்றிக்கொண்டு போனது. நாலாவது வீட்டில் அவசரமாகக் கதவைச் சாத்தினார்கள், ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. தன் வீட்டைத் தாண்டியவுடன் ஒவ்வொருவருக்கும் நல்லவர் என்ற எண்ணம் வந்து, அடுத்த வீட்டைப் பார்க்க முன்னால் ஓடினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. வெயில் உச்சிக்கு வந்தபோது கல் பதினோராவது வீட்டின் இரும்பு கேட்டுக்கு முன்னால் வந்து, கேட்டில் முட்டி, டொக் என்றது.

நாச்சிமுத்துவின் வீடு அது. மார்பிள் போய்விட்ட முன்வாசல் வெறும் மண்ணாகக் கிடந்தது. அவர் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "கல்லுக்கென்ன தெரியும்? ஊரே பைத்தியம் புடிச்சுத் திரியுது. எடுத்துட்டுப் போ அம்மிணி" என்றார்.

டொக் என்றது ஒரு துண்டு. டொக் என்றது இன்னொன்று.

"இந்த வூட்டுக்குக் கெணறு வெட்டுனதும் அம்மிணி கெடைச்ச வருசந்தானுங்க" என்று பழைய கிணறு வெட்டுக்காரர் சொன்னார். ஹசீனா மேடம் மெதுவாக, "இந்தச் சிவப்புப் பரல் இந்த ஊர்லயே ஒரு கிணத்துலதான் இருக்கு. நான் இறங்கிப் பாத்திருக்கேன்" என்றார். நாச்சிமுத்து கேட்டின் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கன்னியாத்தாள் கேட்டைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, "போதும் வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்று கல்லை எடுக்கப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் பூச ஒற்றைக் கையால் தூக்கிய கல், இரண்டு கையாலும் எழவில்லை.

"தள்ளுங்கண்ணா" என்ற குரல் உள்ளேயிருந்து கேட்டது. பாவாத்தாள் அண்ணனின் விரலை ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டைத் திறந்தாள். இரண்டு துண்டும் உள்ளே நகர்ந்து அவள் காலடி மண்ணில் நின்றன.

அவள் கல்லைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "அன்னிக்கும் இப்படித்தான் ஆடிக் காத்து. துணி பறந்து புள்ள மூஞ்சிய மூடிருமோன்னு பயந்துட்டு, கெணத்து மேட்டுல கெடந்த கல்ல எடுத்தாந்து முந்தானை மேல வெச்சன். மாரப்பண்ணன் எங்க கெணத்துக்கு அந்த வழியாத்தான் வருவாருன்னு தெரியும். அவரு எடுக்கற வரைக்கும் வேலிக்குப் பின்னால நின்னன்."

பெற்றவள் தனக்கென்று விட்டுப் போன சொத்து, துணி பறக்காமல் இருக்க வைத்த பாரம்தான் என்பதைக் கன்னியாத்தாள் அப்போது தெரிந்துகொண்டாள். கோபமும் ஆவலும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

"பதினோரு வூடு" என்றாள். "பதினோரே வூடுங்க. முப்பத்தாறு வருசத்துல ஒரு நாளு ஒரு எட்டு வந்திருக்கலாமல்லங்க."

"வந்தனே கண்ணு" என்றாள் பாவாத்தாள். "வாரா வாரம் வந்தனே. ராகி கொண்டாந்தனே."

கன்னியாத்தாள் அந்த மண் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவாத்தாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் நாச்சிமுத்துவின் மனைவி; வைத்துவிட்டு, புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் கலைந்தோம். தெருவில் பதினோரு வீட்டிலும் அன்று மத்தியானம் யாரும் யாரையும் திட்டவில்லை.

ஆவணி முதல் தேதி கன்னிமார் புழுதியும் சேறுமாகத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஏழாவது கன்னி குழியிலிருந்து கடைசியாக ஏறி வந்தாள், தொட முடியாத சூடாக இருந்தாள், கருப்புச்சாமி மூன்று நாள் தண்ணீர் ஊற்றினான். பாதி வழி போன மார்பிளும் திரும்பியது, ஆனால் முன்வாசலில் மட்டும் நாச்சிமுத்து அதைப் பதிக்கவில்லை. அங்கே மண்ணில் கல்லின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது. இன்னொரு துண்டு தானாகவே பதினோரு வீட்டையும் தாண்டித் திரும்பி வந்து மில் வாசலில் நின்றிருந்ததாக ஹசீனா மேடம் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்துக்கொண்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பாவாத்தாள் மில்லுக்கு வந்தாள். கையில் டின் இல்லை.